புல்லாங்குழலுக்கு அடியில் பாஞ்சாலி

மலர்க்கொடிக்கு இடுப்பு இற்றுப் போயிருந்தது. முந்தின நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவள், பொழுது சாய்ந்தபோது நிமிர முடியாமல் வரப்பில் கையூன்றித்தான் எழுந்தாள். காலையில் உத்திரமேரூர் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. உட்கார்ந்துவிட்டுத் திரும்ப எழுந்திருக்கும்போது உயிர் போகும். கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். இடுப்பில் சொருகியிருந்த முந்தானைக்குள் ஒரு டிவிடி தட்டு இருந்தது.

அந்தத் தட்டுக்குள் அவள் அம்மா பாஞ்சாலி இருந்தாள். பாஞ்சாலி செத்து ரெண்டு வாரம் ஆகிறது. நாளை மறுநாள் கருமாதி.

காவாந்தண்டலத்திலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் இழவு விழுந்தால், மேளக்காரருக்கு ஆள் போகும்போதே பாஞ்சாலிக்கும் ஆள் போய்விடும். அவள் வந்து, மற்ற பெண்களைத் தோளோடு தோள் கட்டி உட்கார வைத்து, ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தால் தெரு முனையில் பீடி பிடிக்கிறவன்கூட பீடியைக் கீழே போடுவான். செத்தவன் எத்தனை பெரிய அயோக்கியனாக இருந்தாலும் பாஞ்சாலி வாயில் விழுந்து எழுந்தால் நல்லவனாகிவிடுவான் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவளும் அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் செத்தது டவுனில், பெரியாஸ்பத்திரியில். மூச்சு இரைக்கிறது என்று கொண்டுபோனார்கள். பிணமாக வேனில் ஏற்றி வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அடைமழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வெட்டின குழியில் ஊற்றெடுத்தது. ஒருவன் குண்டானால் இறைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவன் மண்ணைத் தள்ளினான். நின்று ஒப்பாரி வைக்க நேரமில்லை. அம்முலு, பாஞ்சாலியோடு எல்லாச் சாவுக்கும் போனவள், மாரில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ரெண்டு சொல் வந்தது. அப்புறம் வரவில்லை. அவளும் மற்றவர்களும் பாஞ்சாலி எடுத்துக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லியே பழகியவர்கள். எடுத்துக்கொடுக்கிறவள் பாடையில் கிடந்தாள்.

மலர்க்கொடிக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கொட்டின மழையில் அது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

மறுநாளே தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. "ஊருக்கெல்லாம் அயுதவ, ஊமச் சாவா பூட்டாளே." சொன்னவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனாலும் அது மலர்க்கொடியின் நெஞ்சில் முள்ளாக ஏறி நின்றுகொண்டது. சோறு இறங்கவில்லை. நடவில் குனிந்தால் அதே பேச்சு, நிமிர்ந்தால் அதே பேச்சு. அப்படி ஒருநாள் சேற்றில் நிற்கும்போதுதான் அவளுக்குப் பெரிய வீட்டுச் சாவு ஞாபகம் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய வீட்டு விஜயராகவ நாயுடு செத்தார். சின்ன மகன் ஹரி அமெரிக்காவில். வர முடியவில்லை. அவன் பார்க்கட்டும் என்று வீடியோ எடுத்தார்கள். பாஞ்சாலி அன்று விடிந்ததிலிருந்து பிணம் எடுக்கிற வரைக்கும் அழுதாள். அது அத்தனையும் படமாக இருக்கும். அந்தக் குரலை மட்டும் தனியாகப் பிரித்து வாங்கிவந்து, கருமாதியன்று ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் போட்டால் என்ன? வேறு எவளும் அழ வேண்டாம். அவளுக்கு அவளே அழுதுகொள்வாள்.

புருஷன் மணியிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "இன்னாடி, செத்தவளுக்கு செத்தவளே அயுவுறதா? ஊரு சிரிக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்காமயா கீது?"

பெரிய வீட்டில் மூத்த மருமகள் பார்வதிதான் எல்லாம். மலர்க்கொடி மாட்டுக்கொட்டாயில் சாணி வாரி முடித்துவிட்டு, பின்வாசலில் நின்று கேட்டாள். பார்வதி மறுக்கவில்லை. பீரோவைக் குடைந்து எடுத்துக் கொடுத்தாள்.

"பத்திரமா கொண்டாடி மலரு. உங்கம்மா மாதிரி இனிமே எவ அழப்போறா? மாமாவுக்கு அழுதாளே, எங்க சொந்தக்காரங்களே அசந்துட்டாங்க."

"ஒரே நாள்ல குடுத்துடறம்மா."

தட்டில் எண்ணெய்க் கை பட்ட தடமும் கீறலும் இருந்தன. பஸ்ஸில் வரும்போது மலர்க்கொடி அதை மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது சுப்ரமணியின் வீடியோ கடை. சுத்துப்பட்டுக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவர் படம் பிடித்ததுதான். நாயுடு வீட்டுச் சாவும் அவர்தான். மலர்க்கொடி மாடிப்படியை இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏறிப் போனபோது, உள்ளே ஒருவன் ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், எல்லா படத்துலயும் வழுக்கதான் மின்னுது. மாமியார் வூட்ல இத எப்படி காட்டுறது?"

"முடி நீ கொண்டாந்தா நான் காட்டுவன்பா. இல்லாதத எங்க போயி புடிக்கிறது?"

அவன் முனகிக்கொண்டே போனான். சுப்ரமணி மலர்க்கொடி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பாஞ்சாலியா? அந்த அம்மா செத்துட்டாங்களா?"

"ஆமாண்ணா."

தட்டை வாங்கிச் சட்டை நுனியால் துடைத்து, கம்ப்யூட்டரில் போட்டார். முதலில் ரோஜாப்பூ பறந்து வந்தது. நாயுடுவின் படம் சுழன்று வந்து நின்றது. 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுத்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. அப்புறம் பெரிய வீட்டு வாசல், பந்தல், மாலை. அப்புறம் வட்டமாக உட்கார்ந்த பெண்கள். நடுவில் பாஞ்சாலி, முடி அவிழ்ந்து, கையை விரித்து, வாயை அகலத் திறந்து.

மலர்க்கொடி திரைக்குக் கிட்டே போய்விட்டாள்.

ஆனால் கேட்டது புல்லாங்குழல். சோகமாக, நீளமாக, ஒரே புல்லாங்குழல்.

"அண்ணா, அம்மா பேச்சு காணமே?"

சுப்ரமணி பின்மண்டையைத் தடவினார். "நான்தான் மியூசிக் போட்டிருக்கன்."

"பாட்டுக்கு அடியில கீதா?"

"சிலதுல லைவ் சத்தத்த சின்னதா அடியில உட்டு வெப்பன். சிலதுல சுத்தமா எடுத்துடுவன். இதுல இன்னா பண்ணனோ ஞாபகம் இல்லம்மா. பிரிச்சாத்தான் தெரியும். ஆனா இந்தத் தட்டுல பதிஞ்சி கீறத அப்படியே எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட முடியாது, அது தின்னாது. வேற ஃபைலா மாத்தணும். மாத்தி உள்ள ஏத்துனா படம் வேற, சத்தம் வேறன்னு ரெண்டு கோடா வந்து நிக்கும். அப்ப பாக்கலாம்."

"மாத்துங்கண்ணா. நான் குந்திக்கினு கீறன்."

மாற்றப் போட்டார். திரையில் ஒரு பச்சைப் பட்டை கம்பளிப்பூச்சியாக ஊர்ந்தது. கீறல் உள்ள இடம் வந்தால் அப்படியே நின்றுவிடும். தட்டை எடுத்து, பல்பொடி தொட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து மறுபடி போட்டார். மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தது. மலர்க்கொடி சுவரோரம் காலை நீட்டி, முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை அந்தப் பட்டையிலிருந்து எடுக்கவில்லை. பானையில் அரிசி வேகிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டை முக்கால்வாசிக்கு மேல் போனபோது கரண்டு போனது.

"போச்சு. பேஜாரு புடிச்ச கரண்டு," என்று சுப்ரமணி மேசையைத் தட்டினார். "இனிமே ரெண்டு மணி நேரத்துக்கு வராது. யுபிஎஸ் இத்த அணைக்கத்தான் தாங்கும். மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்மா. நீ வூட்டுக்குப் போயி நாளைக்கு வாயேன்."

"நாளைக்கு சாமான் வாங்கணும், சமைக்க ஆளு சொல்லணும். வர முடியாதுண்ணா."

"நாஷ்டா துன்னியா?"

சுப்ரமணி பதிலுக்குக் காத்திருக்காமல் கீழேயிருந்து டீயும் பன்னும் வாங்கிவரச் செய்தார். அவள் டீயைக் குடித்தாள். பன்னைப் பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். தெருவில் ஜெனரேட்டர்கள் கதறின. அவர் கடையில் ஜெனரேட்டர் இல்லை. இருட்டில் அவரும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் கேமராவ புடிச்சிக்கினு நிக்கறன்," என்று அவராகவே ஆரம்பித்தார். "அந்த அம்மா பாடறாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது, வியூ ஃபைண்டர் தெரியல. அப்படி அயுதாங்க."

"அப்புறம் ஏண்ணா அதுமேல குயலு ஊதனீங்க?"

"தொழிலுதான்மா. கல்யாணம்னா நாகசுரம், மஞ்சத்தண்ணின்னா சினிமா பாட்டு, சாவுன்னா புல்லாங்குயலு. பார்ட்டிங்களுக்கு லைவ் சத்தம் புடிக்காது, எரைச்சலா கீதுன்னுவாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே நாங்க போட்டுடறது."

கரண்டு வந்தது. மறுபடி பட்டை ஊர்ந்தது. இந்தத் தடவை நிற்காமல் போய் முடிந்தது. சுப்ரமணி அதை சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டார். மேலே படம், கீழே சத்தம். சத்தம் மலை மலையாகக் கோடு கிழித்திருந்தது. அவர் இடது பக்கச் சத்தத்தைத் தனியே கேட்டார். புல்லாங்குழல். வலது பக்கம் கேட்டார். புல்லாங்குழல். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிக்குப் போய், சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்தார். வெறும் உஸ்ஸென்ற சத்தம். அதில் மூச்சுக்கூட இல்லை.

"சுத்தமா எடுத்துட்டன்மா," என்றார். அவளைப் பார்க்கவில்லை.

திரையில் பாஞ்சாலி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. என்ன அடி பாடுகிறாள் என்று உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றாள் மலர்க்கொடி. முடியவில்லை.

"ஒன்னு செய்யலாம்," என்றார் சுப்ரமணி. "கடையில ஒப்பாரி கேசட்டு விக்கிது. நல்லா பாடறவங்க பாடனது. அத இதுமேல போட்டு, வாயசைப்புக்கு ஒட்டற மாதிரி வெட்டி ஒட்டிடறன். யாருக்கும் தெரியாது."

"எவளோ அயுதத எங்கம்மா வாயில வெக்கிறியா?"

ஒருமையில் கேட்டுவிட்டோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எழுந்துபோய்ப் பரண்மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே தீப்பெட்டி அளவுக்குக் கேமரா கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதி, அடித்து, மேலே வேறொன்று எழுதியிருந்தது. ஒரே கேசட்டில் நாலு விசேஷம் பிடிப்பது வழக்கம். மேலே பிடித்தால் கீழே இருந்தது அழிந்துபோகும். தேடி ஒன்றை எடுத்தார். 'நாயுடு சாவு' என்பதை அடித்து, 'பிரியங்கா மஞ்சள் நீராட்டு' என்று எழுதியிருந்தது.

"அழிச்சிட்டன். ஆனா கேசட்டு முழுக்க ஓட்டியிருக்க மாட்டன். மிச்சம் கீதான்னு பாக்கறன்."

கேமராவில் போட்டு ஓட்டினார். பட்டுப் பாவாடையில் ஒரு பெண், மாமன் சீர், தட்டுத் தட்டாகப் பலகாரம், எல்லாம் குடுகுடுவென்று ஓடின. திடீரென்று நீலமாகிவிட்டது. அப்புறம் படம் சாய்ந்து கிடந்தது. மாட்டுக்கொட்டாய்ச் சுவர், அடுக்கின பிளாஸ்டிக் நாற்காலி, வெறுங்கால்கள். பிணத்தை எடுத்துப் போன பிறகு, சுப்ரமணி கேமராவை அணைக்க மறந்து ஏதோ ஒரு மேடையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்.

"சின்னம்மா, இன்னும் ரவ ஊத்து தாயி. தொண்ட காஞ்ச கெணறாட்டம் கீது."

மலர்க்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குரல் கம்மிப்போய், கரகரவென்று இருந்தது. ஊரைக் கட்டிப்போட்ட குரல் இல்லை. அழுது ஓய்ந்தபிறகு வீட்டுக்கு வந்து, "மலரு, சோறு கீதா?" என்று கேட்குமே, அந்தக் குரல். மேலேயிருந்து சொம்பு சாய, குவித்த கைகளில் தண்ணீர் விழுவது ஓரத்தில் தெரிந்தது.

"போதுமா பாஞ்சாலி? மாமாவுக்கு நல்லா அழுத." அது பார்வதி. வேலைக்காரர்களுக்கு அவள் சின்னம்மா.

"உங்க மாமனாருக்கு அயுதாச்சி. நாளிக்கு எனுக்கு எவ அயுவுறான்னு பாக்கறன்."

"அதான் வீடியோக்காரரு புடிச்சிக்கினு போறாரே," என்றது அம்முலுவின் குரல். "அதயே போட்டு உட்டுட்டா ஆச்சி. நாங்க ஒக்காந்து பொரி துன்னுக்கினு கேப்போம்."

கொல்லென்று சிரிப்பு. பாஞ்சாலியும் சிரித்தாள், இருமலோடு. அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில் பேசினாள்.

"எனுக்குப் பொறந்த வூடு இல்ல சின்னம்மா. அண்ணன் தம்பி ஒருத்தனும் இல்ல. பாவாட கட்டத் தெரியாத வயசுல இந்தக் கொட்டாய்க்கு வந்தவ. நான் செத்தா தாய் வூட்டுக் கோடின்னு ஒரு புதுப் பொடவ உங்க கையால வந்து போடணும். போடுவியா?"

"இன்னா பாஞ்சாலி, இந்த நேரத்துல இதப் பேசிக்கினு. போடறன். நானே வந்து போடறன், போதுமா? பட்டே போடறன்."

"பட்டு வாணா தாயி. மண்ணுக்குப் போறவளுக்குப் பட்டு எதுக்கு? நூல் பொடவ போதும். செவப்பா இருந்தா நல்லாருக்கும்."

கேசட் முடிந்துவிட்டது.

மழையில் வராத அழுகை அப்போது வந்தது. அடி கட்டி, இழுத்து, மெட்டில் வருகிற அழுகை இல்லை. கன்றை இழந்த மாடு கத்துகிற மாதிரி ஒரே கத்தல். சுப்ரமணி எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியில் படிக்கட்டில் நின்றார். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "இன்னா சார்?" என்றார். "ஒன்னுமில்ல, நீ வேலையப் பாரு," என்றார் இவர்.

அவள் ஓய்ந்தபின் உள்ளே வந்து கேட்டார். "இதுல பாட்டு இல்லியேம்மா."

"இத்தயே குடுங்கண்ணா."

"கடைசில அந்தக் கோடிப் பேச்சு வருது. கருமாதில குயாய்ல போட்டா பெரிய வூட்டுக்குக் கேக்குமே. வெட்டிடவா?"

மலர்க்கொடி யோசித்தாள். பெரிய வீட்டு நிலம்தான் அவளுக்கும் மணிக்கும் கஞ்சி ஊற்றுகிறது. மழையில் புதைத்த அன்று கோடி கொண்டு அங்கிருந்து யாரும் வரவில்லை. இது கேட்டால் பார்வதிக்கு முகம் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எதை வெட்டச் சொல்வது? தண்ணீர் கேட்டதையா, சிரித்ததையா, இருமினதையா?

"கீறதே இத்தினிதான்," என்றாள். "ஒரு பேச்சுகூட வெட்டாத."

சத்தத்தை மட்டும் ஒரு சிடியில் ஏற்றிக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. திரும்புகிற வழியில் பெரிய வீட்டுப் பின்வாசலில் டிவிடியைப் பார்வதி கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

"கெடச்சிதாடி அம்மா பாட்டு?"

"பாட்டு இல்லம்மா. பேச்சுதான் கொஞ்சம் கெடச்சிது."

"அதுவாவது கெடச்சிதே," என்றாள் பார்வதி. என்ன பேச்சு என்று அவள் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

*

கருமாதியன்று காலை பூவரச மரத்தில் குழாய் கட்டினார்கள். ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கின பாஞ்சாலியின் முகம், அடையாளமே தெரியாத சாம்பல் நிறத்தில், படையலுக்கு மேலே சாய்த்து வைத்திருந்தது. மணி முதலிலேயே மைக் செட்டுக்காரரிடம் போய், "சத்தம் கொஞ்சமா வையி," என்று காதில் சொல்லிவிட்டு வந்தான். செட்டுக்காரருக்குக் கொஞ்சமாக வைத்துப் பழக்கமில்லை.

"இன்னும் ரவ ஊத்து தாயி. தொண்ட காஞ்ச கெணறாட்டம் கீது."

காலனி முழுக்க அப்படியே நின்றது. வெங்காயம் உரித்தவள் கத்தியோடு நின்றாள். யாரும் சொல்லாமலே ஒருவர் போய் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைத்தார். அம்முலு தன் குரல் குழாயில் வந்ததும் திடுக்கிட்டாள். பொரி தின்றுகொண்டே கேட்போம் என்று அவள் சொன்னதும் மரத்தடியில் சிரிப்பு எழும்பியது. குழாய்க்குள்ளும் சிரிப்பு, குழாய்க்கு வெளியிலும் சிரிப்பு. அம்முலு மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போட்டுட்டோம்டி. நான் சொன்ன மாரியே போட்டுட்டோம்டி, பாவி."

அதன்பின் கோடிப் பேச்சு வந்தது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். போடுவியா என்று பாஞ்சாலி கேட்டாள். நானே வந்து போடறன் என்று பார்வதி சொன்னாள். காற்று ஏரிப்பக்கமிருந்து பெரிய வீட்டுப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. நெல்வயலைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, அந்த வீட்டு மாடி வெள்ளையாகத் தெரிந்தது. எல்லாரும் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

"நாளிக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போயி நிக்கிறது?" என்றான் மணி பல்லைக் கடித்துக்கொண்டு.

"இதே மூஞ்சிதான்," என்றாள் மலர்க்கொடி. "எங்கம்மா கேட்டது. நான் ஒன்னும் கேக்கல."

கேட்கவில்லைதான். ஆனாலும் பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள், இடுப்பு வலியையும் மறந்து. பெரிய வீட்டு டிராக்டர். ஓட்டுகிறவன் மட்டும் வந்திருந்தான். இறங்கி, ரெண்டு பூசணிக்காய், ஒரு கட்டு வாழையிலை, அரை மூட்டை அரிசி இறக்கினான். மலர்க்கொடி டிராக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வைக்கோல் தூசுதான் இருந்தது.

"வேற ஏதாவது குடுத்து உட்டாங்களாண்ணா?"

"வேறயா? வேற ஒன்னும் குடுக்கலியே." அவன் குழாயை அண்ணாந்து பார்த்து, தயங்கிச் சொன்னான். "சத்தத்தக் கொறச்சிக்கச் சொன்னாங்க. சின்னம்மாவுக்குத் தல வலிக்குதாம்."

செட்டுக்காரர் மலர்க்கொடியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் நிறுத்திவிட்டார்.

அரிசி நல்ல அரிசி. சாப்பிட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அம்முலு சாப்பிடவில்லை. பந்தி முடிந்து, எச்சில் இலைகளை வாரிப் போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின், மலர்க்கொடி படையலில் வைத்திருந்த துணிகளை எடுத்து மடித்தாள். மணி எடுத்த நீலப் புடவை ஒன்று. அம்முலு வைத்த ரவிக்கைத் துணி ஒன்று. சம்பந்தி வீட்டார் வைத்த துண்டு ஒன்று.

பெரிய வீடு பாஞ்சாலிக்கு ஒரு கோடிப் புடவை பாக்கி. நூல் புடவை, சிவப்பு.